பிடிஓ வீடா, மறுவிற்பனை வீடா?

சிங்கப்பூரில் முதன்முறையாக வீடு வாங்கும் இளம் தம்பதியர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் விண்ணப்பம் பெற்றபின் புதிதாகக் கட்டித்தரும் பிடிஓ (Build-To-Order) வீட்டுக்கும் ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்த மறுவிற்பனை வீட்டுக்கும் இடையேதான் பெரும்பாலும் தயங்கி நிற்கிறார்கள்.

கழகம் சந்தை விலையைவிடக் குறைத்தே விற்பதால், விலையில் பிடிஓ வீடே மலிவு. ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலில் நல்ல எண் விழ வேண்டும். அதன்பின் மூன்று, நான்கு ஆண்டுகள் பொறுத்திருக்கவும் வேண்டும். அதுவரை வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்த வாடகையையும் வீட்டு விலையோடு கூட்டிப் பார்ப்பதே சரியான கணக்கு.

மறுவிற்பனை வீட்டுக்கு மானியம் கூடுதல். வருமானத்துக்கேற்ப 120,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான மானியம் இருவகை வீடுகளுக்கும் உண்டு என்றாலும், நாலறை அல்லது அதனினும் சிறிய மறுவிற்பனை வீட்டை வாங்கும் தகுதியுள்ள குடியுரிமைத் தம்பதியருக்கு மேலும் 80,000 வெள்ளியும், பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளியும் கிடைக்கின்றன. இவை ஓய்வுகாலத்துக்கான கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக் கணக்கில்தான் சேரும், கைக்கு வராது. வீட்டின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையை ரொக்கமாகவே கட்ட வேண்டும் என்பதால், மானியத்தை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது.

இந்தியக் குடும்பங்கள் இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் ஒவ்வோர் இனப் பிரிவுக்கும் வரம்பு உண்டு. இந்தியர்/பிறர் பிரிவின் வரம்பு நிறைந்த புளோக்கில் நாம் அதே பிரிவினரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கிலோ, இந்தியர் விற்கும் வீட்டைச் சீனர் வாங்க முடியாது; வாங்குவோர் குறைவு என்பதால் விலை சற்று இறங்கியும் வரலாம். ஆனால் நாளை நாம் விற்கும்போதும் அந்த வரம்பு நிறைந்தே இருந்தால், அதே குறுகிய வட்டத்துக்குள்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். எனவே வீட்டைப் பார்க்கப் போகுமுன் அந்த புளோக்கின் இன ஒதுக்கீட்டு நிலையைக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

புது வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே, நாணயத்தால் தரையோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடமாக ஒலிப்பவற்றைக் குறித்துக் கொடுத்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தருவார்கள். பழைய வீட்டில் அந்த வசதி இல்லை. பழுதுபார்ப்புச் செலவு முழுவதும் நம்முடையது.

பெற்றோர் வீட்டில் ஓர் அறை இருக்குமானால் பிடிஓவுக்கே விண்ணப்பிக்கச் சொல்வேன். கைக்குழந்தையோடு, பாட்டியின் துணை உடனே தேவைப்படும் குடும்பத்துக்கு மறுவிற்பனை வீடே பொருந்தும். ஆனால் கழக வீடுகளுக்குரிய 99 ஆண்டுக் குத்தகையில் மீதம் எவ்வளவு என்று பாருங்கள். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடிக்காவிட்டால், மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக்காக எடுக்கக்கூடிய தொகை குறைந்துவிடும். அப்படியென்றால் 30 வயதுத் தம்பதியருக்குக் குறைந்தது 65 ஆண்டுகளாவது மீதமிருக்க வேண்டும்.