நாற்பது பேருக்கு ஒரு படச்சுவர்: பிக்சல்ஃபெட்டுடன் இரண்டரை ஆண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவையின் ஏதாவது ஒரு குளக்கரையில் கூடும் பறவை நோக்கர்கள் நாங்கள். சிங்காநல்லூர், உக்கடம் பெரியகுளம், சூலூர் என்று மாறி மாறிப் போவோம். வீடு திரும்பியதும் எடுத்த படங்களையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கொட்டுவோம். மறுநாளே அவை காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். போன நவம்பரில் பெரியகுளத்துக்கு வந்தது என்ன வாத்து என்று தேடினால் கிடைக்காது. படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரை 2018-இல் ஸ்மக்மக் என்ற நிறுவனம் வாங்கிய பிறகு இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்ற வரம்பு வந்துவிட்டது. பறவைப் படம் எடுப்பவருக்கு அது ஓராண்டுக்குக்கூடப் போதாது. நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று பேசிப் பேசி, 2023 ஜூனில் பிக்சல்ஃபெட்டை ஒரு வாடகை சர்வரில் நிறுவினேன். இன்று அதில் 38 பேர் இருக்கிறோம்.

பிக்சல்ஃபெட் ஒரு கட்டற்ற மென்பொருள். கனடாவைச் சேர்ந்த டேனியல் சூப்பர்னால்ட் 2018-இல் தொடங்கியது. பார்வைக்கு இன்ஸ்டாகிராம் போலவே இருக்கும். ஆனால் ஒரே நிறுவனத்தின் ஒரே தளம் என்று எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாக அந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ட்விட்டர் போலக் குறும்பதிவுகளுக்கான மாஸ்டடோன் போன்ற வேறு மென்பொருள்களோடும் பேசுகின்றன. எங்கள் குழுவில் ஒருவர் நாமக்கோழிப் படம் ஒன்றைப் போட்டார். நெதர்லாந்திலிருந்து ஒருவர் தன் மாஸ்டடோன் கணக்கிலிருந்தே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலும் இதே பறவைதான் என்று பதில் எழுதினார். அவருக்கு எங்கள் தளத்தில் கணக்கு இல்லை, தேவையும் இல்லை. அன்று குழுவில் இருந்த மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பயன்படுத்துகிறவருக்கு இது நல்ல மென்பொருள். விளம்பரம் கிடையாது. படங்கள் நேர வரிசையில் வருகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் எந்த உரிமத்தில் வெளியிடுகிறோம் என்று தேர்ந்தெடுக்கலாம். பார்வையற்றோருக்காகப் படத்தை எழுத்தில் விவரிக்க ஓர் இடம் உண்டு. 2025 ஜனவரியில் அதிகாரபூர்வமான கைபேசிச் செயலிகள் வந்த பிறகு மூத்த உறுப்பினர்களுக்குப் பெரிய நிம்மதி. அதுவரை உலாவியில் முகவரியைத் தட்டித்தான் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

நடத்துகிறவருக்கு எப்படி என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நிறுவுவதற்கு முன்பு எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

லினக்ஸ் பழகியவருக்கு நிறுவுவது ஒரு வார இறுதி வேலை. பிஎச்பி, லாராவெல், ஒரு தரவுத்தளம், ரெடிஸ், பின்னணி வேலைகளை வரிசையில் வைத்துச் செய்யும் ஹொரைசன் என்று பல உறுப்புகள். இதில் ஹொரைசன் நின்றுபோனால் தளம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே ஓடும். படம் ஏறும், நம் தளத்தில் தெரியும், வெளி சர்வர்களுக்கு மட்டும் போகாது. முதல் ஆண்டில் ஒருமுறை நான்கு நாள் அப்படிக் கிடந்தது. "என் படத்துக்கு ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லையே, அவ்வளவு மோசமாகவா எடுத்திருக்கிறேன்?" என்று ஓர் அம்மா வருத்தப்பட்டுக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. படம் எங்கள் வாசலைத் தாண்டவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் காபி.

மின்னஞ்சல் இன்னொரு தொல்லை. கணக்கு தொடங்கியதும் உறுதிப்படுத்தும் அஞ்சல் போக வேண்டும். வாடகை சர்வர்கள் பலவற்றில் அஞ்சல் அனுப்பும் இணைப்பு வழியை (போர்ட்) மூடி வைத்திருப்பார்கள், ஆகவே தனியே ஓர் அஞ்சல் சேவையை இணைக்க வேண்டும். அதன் பிறகும் பாதி அஞ்சல்கள் குப்பைப் பெட்டிக்குத்தான் போயின. எழுபது வயதுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து, குப்பைப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த இணைப்பைத் தொடச் சொல்லி என்று ஒரு மாதம் ஓடியது.

புதுக் கணக்கு தொடங்குவதை எல்லோருக்கும் திறந்து வைத்தது என் தவறு. ஒரு வாரத்துக்குள் சூதாட்ட விளம்பரக் கணக்குகள் குவிந்தன. நம் சர்வரிலிருந்து அந்தக் குப்பை வெளியே போனால் மற்ற சர்வர்கள் நம்மை மொத்தமாக விலக்கிவிடும், நல்ல உறுப்பினர்களின் படமும் சேர்ந்தே நின்றுபோகும். மூடிவிட்டு, விண்ணப்பத்தைப் பார்த்து அனுமதிக்கும் முறைக்கு மாறினேன். அதற்கான வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. தொடங்கும் நாளிலேயே அப்படி வைத்துவிடுங்கள்.

செலவைப் பற்றித்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். சர்வர், படச் சேமிப்பு, டொமைன், அஞ்சல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் 1,400 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக்கொள்கிறோம். பணம் எங்களுக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2024 ஜனவரியில் எங்கள் குழுவின் கல்லூரி மாணவர் ஒருவர் கொம்பன் ஆந்தையின் கூட்டைப் படம் எடுத்துப் போட்டார். கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பில், வெறும் பாறைமேல் இரண்டு குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சு போல. பக்கத்தில் தாய் ஆரஞ்சுக் கண்களை விரித்தபடி நிற்கிறது. மிக அழகான படம். ஆனால் கூட்டுப் படம் போடக் கூடாது என்பது எங்கள் விதி. ஆந்தைகளை மாந்திரீகத்துக்காகப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வராவிட்டாலும் படம் எடுக்க ஐம்பது பேர் வந்து நின்றாலே தாய் கூட்டைவிட்டுப் போய்விடக்கூடும்.

அழைத்தேன். "தம்பி, அந்தப் படத்தை உடனே எடுத்துவிடுங்கள்."

"ஏன் அண்ணா, இடத்தின் பெயரை நான் போடவில்லையே?"

உண்மைதான். கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் இடக்குறிப்பும் தளத்தில் ஏறும்போது நீங்கியிருந்தது, சோதித்துப் பார்த்தேன். ஆனால் படத்தின் வலது ஓரத்தில், பாறையில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய ஓர் எண்ணும் அதற்குப் பின்னால் உயர்மின்கோபுரம் ஒன்றும் தெரிந்தன. அந்தப் பக்கம் பைக்கில் போகிறவர் எவரும் அடையாளம் கண்டுவிடுவார். சொன்னதும் அவருக்குப் புரிந்தது. அடுத்த நிமிடமே நீக்கிவிட்டார், பாவம், குரலே உடைந்துபோயிருந்தது.

எங்கள் தளத்தில் நீங்கிவிட்டது. ஆனால் அதற்குள் அது 11 சர்வர்களுக்குப் போயிருந்தது. நாம் நீக்கும்போது "இதை நீக்குங்கள்" என்ற செய்தி அந்தச் சர்வர்களுக்கும் போகும். அது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் படுத்திருக்கும் சர்வருக்குச் செய்தி சேராமல் போகலாம், சேர்ந்தாலும் அது கேட்காமல் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். பத்தில் இல்லை. ஒன்றில் ஆந்தை அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தச் சர்வரை நடத்துபவருக்கு என் உடைந்த ஆங்கிலத்தில் எழுதினேன், கூடு, குஞ்சு, ஆபத்து எல்லாவற்றையும் விளக்கி. இரண்டாம் நாள் பதில் வந்தது. நீக்கிவிட்டதாகவும் தாமதத்துக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார். பெரிய நிறுவனங்களின் தளங்களில் புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டு எத்தனையோ முறை காத்திருந்திருக்கிறேன். முகம் தெரியாத ஒரு மனிதர் படித்து, புரிந்து, செய்துவிட்டுப் பதிலும் போட்டது எனக்கு இங்கேதான் நடந்தது. ஆனால் அந்த இரண்டு இரவு நான் தூங்கவில்லை. மார்ச்சில் அந்தக் குஞ்சுகள் பறந்துவிட்டன என்று அந்தத் தம்பியே வந்து சொன்னார்.

இதை நடத்துகிறவர் மட்டுறுத்துநரும் ஆகிறார், காவல்காரரும் ஆகிறார். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், பிறர் பதிவுகளைத் தாங்கும் தளங்கள் புகார் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்கின்றன. எங்கள் தளத்தில் அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. பாதுகாப்பும் நடத்துகிறவர் தலையில்தான். 2025 மார்ச்சில் பிக்சல்ஃபெட்டில் ஓர் ஓட்டை வெளியானது. மற்ற சர்வர்களில் பூட்டி வைத்த கணக்குகளின் பதிவுகள், அனுமதி பெறாதவர்களுக்கும் தெரிய அது வழிவிட்டது. 0.12.5 பதிப்பில் அடைத்தார்கள். அடைத்த பதிப்பை ஒவ்வொரு சர்வர்க்காரரும் அவரவரே நிறுவ வேண்டும். அன்று நான் உறவினர் திருமணத்துக்காக மதுரையில் இருந்தேன். மண்டபத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியில் செய்து முடித்தேன். நான் ஊரில் இல்லாமல், இணையமும் இல்லாமல் இருந்திருந்தால்? சர்வருக்குள் நுழையும் சாவி அப்போது வேறு யாரிடமும் இல்லை.

படத் தரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒளிப்படக்காரர்கள் இதில்தான் ஏமாந்துபோவார்கள். பிக்சல்ஃபெட் பெரிய படங்களைச் சுருக்கித்தான் வைத்துக்கொள்கிறது. அகலவாக்குப் படம் 1920-க்கு 1080 பிக்சல் அளவுக்கு இறங்குகிறது, தரம் இயல்பாக நூற்றுக்கு 80-இல் வைக்கப்பட்டிருக்கிறது. தரத்தை அமைப்புக் கோப்பில் மாற்றலாம். நான் மாற்றவில்லை, இடம் மிச்சமாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். கண்பார்வை இழந்த தன் பழைய சக ஆசிரியர் கேட்பதற்காக, ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து விவரணையைத் தமிழில் நிதானமாக எழுதுவார். ஒன்றை அப்படியே தருகிறேன்: "நீலத் தாழைக்கோழி ஒன்று ஆகாயத்தாமரை இலைமேல் நிற்கிறது. அலகும் நெற்றியும் குங்குமச் சிவப்பு. கால் விரல்கள் உன் பேனாவைவிட நீளம். ஒரு காலை மடக்கி எதையோ யோசிக்கிறது." நண்பர் கைபேசி அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, மறுநாள் போனில் கேள்வி கேட்பாராம். 217 படங்கள், 217 விவரணைகள்.

போன ஆண்டு ஆகஸ்டில் வாத்தியார் காலமானார். பதினாறாம் நாள் முடிந்து அவர் மகள் அழைத்தார். "அண்ணா, அப்பாவின் கணினி வட்டு வேலை செய்யவில்லை. உங்கள் சர்வரில் அவர் படங்கள் இருக்குமா? கூடத்தில் பெரிதாக மாட்ட வேண்டும்."

இருந்தன, சுருங்கிய அளவில். அச்சுக்கடையில் கேட்டால், தெளிவாக வர வேண்டுமென்றால் ஆறு அங்குல அகலத்துக்கு மேல் போகாதீர்கள் என்றார்கள். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைசியில் மகள் 24 படங்களை அந்த அளவிலேயே அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அப்பா எழுதிய விவரணையை அச்சிட்டு வரிசையாக மாட்டியிருக்கிறார். எழுத்தில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. போய்ப் பார்த்தேன். அந்த நண்பரையும் அழைத்து வந்திருந்தார்கள். மகள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

ஆகவே மூலப்படங்களை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்கிறேன். பிக்சல்ஃபெட் காட்சிக்கு வைக்கும் சுவர். பெட்டகமாக அதை நம்ப வேண்டாம்.

இன்னும் சில, வேகமாக. டொமைன் பெயரை யோசித்து வையுங்கள், தொடங்கிய பிறகு மாற்ற முடியாது, ஒவ்வொருவரின் அடையாளமும் அதோடு ஒட்டியது. வேறு சர்வருக்குப் போகும் உறுப்பினர் தன்னைப் பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டு போகலாம், பழைய படங்கள் கூடவே போய்விடும் என்று எண்ண வேண்டாம். காப்புநகல் எடுக்கும்போது தரவுத்தளம், படங்கள் இரண்டோடு அமைப்புக் கோப்பையும் சேர்த்து எடுங்கள், மறைக்குறியீட்டுச் சாவி அதில்தான் இருக்கிறது. எடுத்த நகலை வேறொரு கணினியில் ஒருமுறை உயிர்ப்பித்துப் பாருங்கள். நான் முதன்முறை செய்தபோது படங்களெல்லாம் வந்தன, கணக்குகள் ஒன்றுகூட வரவில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? இருபது முதல் நூறு பேர் வரை உள்ள, ஒருவரையொருவர் நேரில் தெரிந்த குழுவுக்கு, சர்வரைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேராவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். ஒருவர் மட்டும் என்றால் வேண்டாம், ஏற்கெனவே நடக்கும் நல்ல சர்வர் ஒன்றில் கணக்கு தொடங்கி, அதை நடத்துகிறவருக்கு மாதம் நூறு ரூபாய் அனுப்புங்கள். ஐந்துக்கு மென்பொருளுக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது படச் சுருக்கத்துக்காக.

நாங்கள் சென்ற மாதம் சாவியை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஒன்று என்னிடம், ஒன்று ஆந்தைப் படம் எடுத்த தம்பியிடம், இன்னொன்று வங்கியில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினரிடம். பிப்ரவரி முழுவதும் காலை வரிசையைத் தம்பிதான் பார்க்கிறார். நேற்று ஹொரைசன் நின்றிருக்கிறது. நான் எழுவதற்குள் சரிசெய்துவிட்டு, "ஓடுகிறது அண்ணா" என்று ஒரு வரி போட்டிருந்தார்.