சனிக்கிழமை தண்ணீர் ஊற்றுவது யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே என் மகள் சொல்லிவிட்டாள்: விவசாயம் படிக்க வேண்டும், அதுவும் கையில் மண் படப் படிக்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு மதுரைப் பக்கம் அதற்கு என்ன வழி என்று ஒரு மாதம் அலைந்து பார்த்தேன். பள்ளித் தோட்டம், பிளஸ் 1 தொழிற்பிரிவு, ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குப் போய்வருவது, சொந்தக்காரர் தோட்டம் என நான்கு தேறின. நான்கையும் ஒரே கேள்வியால்தான் எடைபோட்டேன்: சனி, ஞாயிறுகளில் பயிருக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள் ஒன்பதாம் வகுப்பில் போட்ட பள்ளித் தோட்டம்தான். ஆடிப்பட்டத்தில் வெண்டையும் தண்டுக்கீரையும் விதைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் கீரை பறித்துச் சத்துணவுக்குக் கொடுத்தாயிற்று. அன்று வீட்டில் அவள் பேச்சு ஓயவில்லை. வெண்டை அப்படி விடவில்லை. விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கும் பயிர் அது. காய்க்கத் தொடங்கிய நேரம் காலாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை. திரும்பிப் போனபோது செடி முழுக்கக் காய். ஒடித்தால் ஒடியாத காய். ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் வெண்டை முற்றி நாராகிவிடும், செடியும் மேற்கொண்டு காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அறிவியலும் எடுக்க வேண்டும், தோட்டமும் பார்க்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளித் தோட்டம் போதும். கீரையோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

தொழிற்பிரிவு வேறு கனம். தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் 2 வந்தபோதே தொழிற்பிரிவும் வந்துவிட்டது. வேளாண் அறிவியலை இரண்டு வருடம் பாடமாகவும் செய்முறையாகவும் படிக்கலாம். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பிரிவு கிடையாது. இருக்கும் பள்ளியிலும் இரண்டை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்: பாடத்துக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, பயிர் வைக்க நிலம் இருக்கிறதா.

நான் போன முதல் பள்ளியில் செய்முறை என்றால் ஒட்டிய களைச்செடி நோட்டும் பாட்டிலில் அடைத்த விதைகளும்தான். இரண்டாவது பள்ளியில் நான் போன நேரம் நெல் விதைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டார்கள். அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு மாணவி கல் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்கினாள். முட்டை மெல்ல எழும்பி, பழைய நாலணா அளவுக்குத் தலையை வெளியே காட்டியதும் உப்பை நிறுத்தினாள். பிறகு நெல்லைக் கொட்டினாள். மிதந்த பொக்கை ஒருபக்கம் போயிற்று, அமிழ்ந்த மணி நெல்லை உப்புப் போக இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசினார்கள். ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. என் சனிக்கிழமைக் கேள்வியைக் கேட்டேன். “முறைப்பட்டியல் இருக்கிறது சார், சுவரில் பாருங்கள்” என்றார். பார்த்தேன். தீபாவளிக்குக்கூட இரண்டு பேர் போட்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். பாதியில் டாக்டர் ஆசை வரக்கூடிய பிள்ளை யோசித்துச் சேரட்டும். வேளாண் பட்டப்படிப்புக்கோ, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் நடக்கிற வேளாண் கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்லூரி அருமையானது; ஒருநாள் சுற்றுலாதான் அருமையானதல்ல. சொட்டுநீர்க் குழாயைப் பார்த்து, வரிசையில் நின்று போட்டோ எடுத்து, பஸ் ஏறினால் முடிந்தது. ஆனால் வீட்டில் ஒரு பயிர் வைத்துவிட்டு, அதில் நோய் விழுந்த இலையை எடுத்துக்கொண்டு அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அது வேறு பயணம்.

கடைசியாக என் மைத்துனரின் தோட்டம். உசிலம்பட்டிப் பக்கம் முப்பது சென்ட் மல்லிகை. பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை, ஏன் எதற்கு என்று கேட்டால் “எங்கள் அப்பா இப்படித்தான் செய்தார்” என்ற பதில்தான் வரும். சம்பளமில்லாத ஆளாக மட்டும் பிள்ளையை வைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. உறவுக்காரர் என்பதால் கேட்கவும் முடியாது. ஆனால் விடியுமுன் எழுந்து மொட்டுப் பறித்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை இறங்கிய நாளில் மாமாவின் முகத்தைப் பார்க்கிற பாடம் மற்ற மூன்றிலும் இல்லை. என் கேள்விக்கு இங்கே பதிலே தேவையில்லை. சனிக்கிழமையும் மல்லிகை பூக்கும், மாமா இருப்பார்.

ஆக, இரண்டாவது பள்ளியில் தொழிற்பிரிவில் சேர்த்துவிட்டேன். முறை இல்லாத வாரக்கடைசியில் மாமா தோட்டம். ஒரே ஒரு சிக்கல்: மல்லிகைக்குக் கவாத்து செய்யும் பருவம் நவம்பர் கடைசி, அரையாண்டுத் தேர்வுக்கு அவள் படிக்க உட்காரும் நேரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டுவதை அவள் தன் கையால் செய்து பார்க்க வேண்டுமாம். தேர்வு முடியும்வரை இரண்டு வரிசைச் செடியை வெட்டாமல் விட்டுவைப்பதாக மாமா ஒத்துக்கொண்டிருக்கிறார்.