பங்குக் கன்டெய்னரில் வீட்டுச் சாமான்: எடுபடுமா?

குடும்பத்தோடு நாடு மாறுபவர்கள் ஒரே கன்டெய்னரைப் பலரோடு பகிரும் கப்பல் சேவை, சாமான் கொஞ்சமாக இருந்தால்தான் லாபம். 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அதில் பாதியை நெருங்கினால் தனிக் கன்டெய்னருக்கும் விலை கேளுங்கள். கட்டணம் பெரும்பாலும் அடைக்கும் இடத்துக்குத்தான்; சோபாவைக் கழற்றாமல் அனுப்புவது காற்றுக்குக் காசு கொடுப்பது.

பெரிய குறை, காலம். கன்டெய்னர் நிரம்பும்வரை சாமான் கிடங்கில் கிடக்கும். ஒருவரின் ஆவணம் சிக்கினாலும் எல்லோருடையதும் சுங்கத்தில் நிற்கலாம். அப்போது ஏறும் தாமத வாடகை யார் தலையில் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ஈரம். இரவில் குளிரும் இரும்புக் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மெத்தையை நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பைகளோடு பிளாஸ்டிக் உறையில் மூடுங்கள். மரப்பெட்டி என்றால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான ஐஎஸ்பிஎம் 15 (மரப்பொதி வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே தடுக்கப்படலாம்.

பாத்திரங்களைக் கப்பல் சேவைக்காரர்களையே கட்டச் சொல்லுங்கள். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் காப்பீடு பெரும்பாலும் கைவிரிக்கும். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், மருந்து மூன்றும் கைப்பையில்தான்.