புண்ணியத்தில் வளர: செபமாலையா, திருப்புகழ்மாலையா?

கத்தோலிக்க இல்லறத்தார்க்கு முதலில் ஏற்றது, மணிகளை எண்ணிச் சொல்லும் செபமாலையே என்பது என் கருத்து. வானதூதர் கபிரியேல் மரியாவுக்குத் தூதுரைத்ததைத் தியானித்துத் தாழ்ச்சி என்னும் வரத்தையும், மரியா எலிசபெத்தைச் சந்தித்ததைத் தியானித்துப் பிறரன்பையும் கேட்பதுபோல், ஒவ்வொரு மறைபொருளிலும் (தியானிக்கும் நிகழ்விலும்) ஒரு புண்ணியத்தைப் பெயர்சொல்லி வேண்டுவதால், எழுத்தறியாதவரும் சிறுவரும் கிறிஸ்துவின் வாழ்வைப் படிப்படியாக மனத்தில் பதித்துக்கொள்கின்றனர்; பழக்கத்தில் உதடு மட்டும் அசைவதே இதன் ஆபத்து.

குருக்கள் கடமையாகச் சொல்லும் திருப்புகழ்மாலையோ, நாளின் வெவ்வேறு வேளைகளில் திருப்பாடல்களை (விவிலியத்தின் சங்கீதங்களை) சொல்லும் திருச்சபையின் பொது வழிபாடு. நான்கு வாரச் சுற்றில் வரும் திருப்பாடல்கள், நாம் விரும்பாத நாளிலும் புலம்பலையும் மனத்துயரையும் நம் வாயில் வைக்கின்றன. நூலில் அன்றன்றைய பக்கங்களைத் தேடிப் பழகவே பொறுமை வேண்டும் (அதுவும் புண்ணியந்தான்).

செபமாலையின் பழைய 150 மங்கள வார்த்தைச் செபங்கள் (‘அருள் நிறைந்த மரியே’ எனத் தொடங்குபவை) 150 திருப்பாடல்களுக்கு ஈடாகக் கருதப்பட்டவை. ஆகவே திருப்புகழ்மாலையின் காலைப் புகழைத் தனியாகவும் செபமாலையை இரவில் குடும்பமாகவும் சொல்வதில் முரண் இல்லை.