மூன்றாம் வகுப்பு இசைப் பாடத்துக்கு ரெக்கார்டர்: யமஹா 23 வாங்கலாமா, 24பி வாங்கலாமா?

இசைக்கென்று தனி ஆசிரியர் இருக்கும் ஆரம்பப் பள்ளிகளில், எட்டு வயதுப் பிள்ளை முதலில் ஊதிப் பழகும் கருவி பெரும்பாலும் ரெக்கார்டர் என்னும் ஊதுகுழல்தான். ஜப்பானில் மூன்றாம் வகுப்பிலேயே சோப்ரானோ ரெக்கார்டர், அதாவது உயர்ந்து ஒலிக்கும் சிறிய வகை, கைக்கு வந்துவிடும். இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் 1930களில் அதைக் கொண்டுவந்தவர் இசை ஆசிரியர் எட்கர் ஹன்ட். நம் ஊரில் சில பள்ளிகளின் பொருள் பட்டியலில் ‘ரெக்கார்டர் – 1’ என்பதோடு சரி. எந்த ரெக்கார்டர் என்று யாரும் எழுதுவதில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

கடையில் யமஹாவின் இரண்டு மாடல்கள் கிடைக்கும்: ஒய்ஆர்எஸ்-23, ஒய்ஆர்எஸ்-24பி. இரண்டுமே தந்த நிற ஏபிஎஸ் பிளாஸ்டிக், மூன்று துண்டாகக் கழலும், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு துளைகளில் இருக்கிறது. எந்தச் சுரத்துக்கு எந்தத் துளைகளை மூடுவது என்பதே விரலமைப்பு. 23 ஜெர்மன் விரலமைப்பு, 24பி பரோக் விரலமைப்பு. பெட்டியைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். நான்காவது சிறிதாக இருந்தால் பரோக், ஐந்தாவது சிறிதாக இருந்தால் ஜெர்மன்.

‘சின்னப் பிள்ளைக்கு ஜெர்மன்தான் சுலபம்’ என்று கடைக்காரர் சொல்வார். அது பாதி உண்மை. 1920களில் ஜெர்மனியில் பீட்டர் ஹார்லன் பரப்பிய இந்த அமைப்பில், எஃப் சுரத்துக்கு விரல்களை வரிசையாக இறக்கினால் போதும்: பின்துளைக்குக் கட்டைவிரல், பிறகு முன்துளைகள் 1, 2, 3, 4. பரோக்கில் அதே எஃப்புக்கு ஐந்தாம் துளையைத் திறந்துவைத்துக்கொண்டு ஆறையும் ஏழையும் சேர்த்து மூட வேண்டும். சி-யில் தொடங்கும் மேற்கத்திய ஸ்கேலை மட்டும் வாசிப்பதென்றால் 23 சுலபம்தான். எஃப்பைவிட அரைச் சுரம் உயர்ந்த எஃப் ஷார்ப்புக்கு வந்ததும் கதை தலைகீழாகிவிடும். பரோக்கில் கட்டைவிரல், 1, 2, 3, 5, 6 மூடினால் சுத்தமாக நிற்கும். ஜெர்மனில் விரல்கள் அதிகம் இறங்க வேண்டும், அப்படியும் சுருதி ஆடும்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம்? ரெக்கார்டரில் முதலில் வரும் மூன்று சுரங்கள் பி, ஏ, ஜி. இடது கை மட்டும் போதும். ஜி-யை ச என்று வைத்தால், அதாவது 5 கட்டை சுருதி, இந்த மூன்றும் க, ரி, ச ஆகிவிடுகின்றன. சிறுமிகள் சிரமமில்லாமல் பாடும் சுருதி அது. கருவி ஓர் ஸ்தாயி மேலே ஒலிக்கும் என்பதால், பிள்ளை தன் குரலில் பாடிய சுரத்தையே குழலில் மேலே கேட்கும். இந்த அமைப்பில் நி3, அதாவது ச-வுக்கு அரைச் சுரம் கீழே உள்ள நி, எங்கே விழுகிறது? எஃப் ஷார்ப்பில். ஆக அந்த நி வரும் சங்கராபரண ராகத்தின் ஒரு வரியை வாசிக்க நினைத்தாலும் ஜெர்மன் மாடல் காலை வாரிவிடும். வாய்ப்பாட்டோடு சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி 24பி வாங்குவதே சரி. அடுத்து ஆல்டோ என்னும் பெரிய ரெக்கார்டருக்குப் போகிற பிள்ளைக்கும் பரோக் பழக்கம்தான் கைகொடுக்கும்.

வகுப்பில் இரண்டையும் கலக்கவே கூடாது. 24பி வைத்திருக்கும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஜெர்மன் விரல் போட்டால், எஃப் ஏறிப்போய் எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் தொங்கும். பிள்ளைக்குக் காது சரியில்லை என்று தவறாக முடிவு கட்டுவது பல நேரம் இதனால்தான். பட்டியலில் மாடல் எண்ணையே எழுதி அனுப்புங்கள்.

பெயரில்லாத வண்ணக் குழல்களைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக ஊதினால் குறை தெரியாது. நாற்பது பேர் ஒரே ஜி-யை ஊதும்போதுதான் தெரியும்: ஒன்றுக்கொன்று சேராத சுருதி அதிர்ந்து காதைக் குடையும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஒரே வகையில் இரண்டை எடுத்து ஒரே சுரத்தை ஊதிப் பாருங்கள். மூட்டுகள் லொடலொடவென ஆடுகின்றனவா, காற்று வெளியேறும் சன்னலின் கூர்விளிம்பில் அச்சுப் பிசிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த விளிம்புதான் ஒலியைப் பிறப்பிக்கிறது. அங்கே பிசிறு இருந்தால் எந்த ஆசிரியராலும் சரிசெய்ய முடியாது.

முதல் பாடத்திலேயே முழுக் குழலையும் கொடுக்க வேண்டாம். தலைத்துண்டு மட்டும் போதும். அடி திறந்திருந்தால் கீச்சென்று உயர்ந்த ஒலி, உள்ளங்கையால் அடைத்தால் தாழ்ந்த ஒலி. இதை வைத்தே மூச்சைப் பழக்கலாம். கண்ணாடியில் ஆவி படர ஊதும் அளவு மூச்சு போதும். மெழுகுவத்தியை அணைக்கிற ஊதல் ஆகாது. முனை உதட்டில்தான் இருக்க வேண்டும். பல்லில் கடித்தால் பிளாஸ்டிக்கில் தடம் விழும், நாக்கும் அசைய இடமிருக்காது. ஒவ்வொரு சுரத்தையும் ‘து’ என்று நாக்கால் தொட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். ‘டு’ என்றால் நம் பிள்ளைகள் நாக்கை மடித்துவிடுவார்கள், ஒலி வெடித்து வரும்.

பிறகு பி, ஏ, ஜி. இதில் மாதக்கணக்கில் நின்றாலும் நஷ்டமில்லை. அடுத்து மேல் சி (கட்டைவிரலும் 2ம்), மேல் டி (2 மட்டும்). அதன்பின் வலது கையை இறக்கி கீழ் இ, கீழ் டி. எஃப் ஷார்ப் அதற்கும் பிறகு. இத்தனையும் வந்துவிட்டால் கீழ் ப முதல் மேல் ப வரை ஒரு முழு ஸ்தாயி கையில் இருக்கும், கட்டைவிரல் துளையைப் பாதி திறக்கும் வித்தை இல்லாமலே. மேல் இ-க்கு அந்த வித்தை தேவை. ஒற்றை விரலில் நிற்கும் டி-யிலிருந்து ஒரே தாவலில் ஐந்து விரலோடு கட்டைவிரலும் சேர வேண்டும். அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது நல்லது.

தொடங்க ஏற்ற ராகம் மோகனம். கீழ் ப, த, பிறகு ச, ரி, க, மேல் ப என்று எஃப்பும் இல்லாமல் எஃப் ஷார்ப்பும் இல்லாமல் போய்விடும். தமிழ்த்தாய் வாழ்த்தை தினமும் காலையில் கேட்கும் பிள்ளைக்கு அந்தச் சுரங்கள் ஏற்கெனவே காதில் இருக்கின்றன. சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடத்தான் வேண்டும். அதில் வரும் தாழ்ந்த ரி-யான ரி1-க்கு மூன்றாம் துளையைத் திறந்து அதற்குக் கீழுள்ள சிலவற்றை மூட வேண்டும், தாழ்ந்த த-வான த1-க்கு ஆறாம் இரட்டைத் துளையில் ஒன்றை மட்டும் மூட வேண்டும். எட்டு வயது விரல் அதற்குப் பணியாது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகமும் இதில் பேருக்குத்தான் வரும். கமகம்தான் நோக்கம் என்றால் மூங்கில் குழலுக்குப் போங்கள். ஆனால் அதில் முதல் ஒலி வரவே பிள்ளை வெகு நாள் உதட்டோடு போராட வேண்டும்.

கீச்சொலி வந்தால் பெரும்பாலும் துளை சரியாக மூடவில்லை என்று பொருள். ஊதி முடித்ததும் விரல் நுனியைப் பாருங்கள். முழு வட்டத் தடம் பதிந்திருந்தால் சரி, பிறை மட்டும் இருந்தால் ஓட்டை. மூடியும் கீச்சிட்டால் மூச்சு அதிகம். வலது கையை மேலே வைத்துப் பிடிப்பதும் சகஜம். முதல் நாளிலேயே திருத்தாவிட்டால் கீழ் சுரங்கள் வரும்போது எல்லாவற்றையும் மாற்றிக் கற்க வேண்டியிருக்கும். அடித்துண்டைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிவைத்தால் சுண்டுவிரல் எட்டும்.

வாசிக்கும்போது நடுவில் குழலின் ஒலி கம்மினால் காற்றுப்பாதையில் நீர் கோத்திருக்கிறது. சன்னலை விரலால் மென்மையாக மூடி ஒருமுறை வேகமாக ஊதினால் வெளியேறும். கீபோர்டோடு வாசிக்கும்போது குழல் ஏறி ஒலித்தால் தலைத்துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். மூட்டு இறுகினால் மிளகளவு வாசலின். ஒருவர் குழலை மற்றவர் ஊதக் கூடாது. வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். சன்னலுக்குள் குச்சியோ ஊசியோ நுழைக்காதீர்கள். பெயரை அடித்துண்டின் பின்புறம் அழியாத மையில் எழுதிவிடுங்கள். ஒரே நிறத்தில் நாற்பது குழல் மேசையில் கிடக்கும்போது அதன் அருமை தெரியும்.