மலிவா, விலை கூடியதா, பழைய துணியா, தையல்காரரா: சிங்கப்பூர் அலமாரிக்கு எது ஒத்துவரும்?

இனித் துணி வாங்குவதைக் குறைக்கப் போகிறேன் என்று அறிவிக்கிறவர்கள் பலரும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் நான்கு துணி வாங்குகிறார்கள். ரசாயனம் போடாமல் விளைந்த பருத்தி, வெள்ளை, கறுப்பு, மண் நிறம், எதோடும் எதையும் சேர்த்துப் போடலாம் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அந்த யோசனை குளிர்நாட்டு அலமாரிக்காகச் சொல்லப்பட்டது. நல்ல கோட்டு ஒன்றை வாங்கிப் பத்து வருஷம் மாட்டி வைக்கலாம் என்பது அங்கே சரி. இங்கே ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டைத் தொடுகிறது, இந்த ஊரில் துணி உடுத்திக் கெடுவதைவிட வைத்துக் கெடுவதுதான் அதிகம் என்பேன். அதனால் எதை ஒப்பிட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வாங்கினால் அடிக்கடி உடுத்துவோமா, இல்லை அலமாரியில் பூஞ்சை பிடிக்க விடுவோமா?

முதலில் மலிவுத் துணி. கைப்பேசியில் நள்ளிரவு சலுகையில் வாங்குகிற 12 வெள்ளி மேல்சட்டை. 2023 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் மலிவுப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024இல் அந்த வரி 9 விழுக்காடானது, ஆனாலும் 12 வெள்ளிக்கு வரி சேர்ந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? பிரச்சினை விலை இல்லை, துணி. அதில் பெரும்பாலானது பாலியஸ்டர், தண்ணீர்ப் போத்தல் செய்கிற அதே பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தது. வியர்வையை உறிஞ்சாது, உடம்பின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் பெருவிரைவு ரயிலில் ஏறி இறங்குவதற்குள் நமக்கே தெரிந்துவிடும். ஒரு தடவை போட்டால் துவைத்தாக வேண்டும், துவைக்கத் துவைக்கத் தையல் முறுக்கிக்கொள்ளும், நுண்ணிழைகள் தண்ணீரோடு போகும்.

அப்படியானால் விலை கூடியது? 60 வெள்ளிச் சட்டையை அறுபது தடவை உடுத்தினால் தடவைக்கு 1 வெள்ளி, 12 வெள்ளிச் சட்டை ஆறு தடவையில் தொய்ந்துவிட்டால் தடவைக்கு 2 வெள்ளி. எல்லாரும் சொல்கிற கணக்குதான், சரியான கணக்கும்கூட, ஆனால் அறுபது தடவை உடுத்தினால்தான். ‘நல்ல துணி, பத்திரமா வச்சிருக்கேன்’ என்று சொன்ன நிமிஷமே கணக்கு கவிழ்ந்துவிடும். அப்புறம் ஆர்ச்சர்ட் ரோட்டில் கொடுக்கிற பணத்தில் துணிக்கு எவ்வளவு, கடை வாடகைக்கும் பெயருக்கும் எவ்வளவு என்பது விலைச்சீட்டில் இருக்காது. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் விரல் அகலமாவது துணி விட்டிருக்கிறார்களா, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறதா, பொத்தானை லேசாக இழுத்தால் நூல் கூடவே வருகிறதா? இந்தச் சோதனையில் தோற்கிற 100 வெள்ளிச் சட்டைகள் நிறைய இருக்கின்றன, ஜெயிக்கிற 30 வெள்ளிச் சட்டைகளும் உண்டு. ரெக்ஸின் கைப்பை, செயற்கைத் தோல் காலணி பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். ஈரக்காற்றில் அந்த மேல்பூச்சு தானாகவே சிதையும். பெட்டியிலேயே இருந்தாலும் ஒரு நாள் கறுப்புச் செதிலாக உதிரும்.

பழைய துணிக்கு வருகிறேன். சால்வேஷன் ஆர்மி கடைகள், வாட்டர்லூ ஸ்திரீட்டில் நியூ2யூ, பேரங்காடிகளில் ரீஃபேஷ், எதுவும் வேண்டாமென்றால் கைப்பேசியிலேயே பழசை வாங்கி விற்கிற கரோசெல். குழந்தைத் துணிக்கும் ஜீன்ஸுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் குழந்தை துணியைக் கிழிப்பதற்குள் வளர்ந்துவிடும், ஜீன்ஸ் இன்னொருவர் உடுத்திப் பழகிய பிறகுதான் மெத்தென்றாகும். எடுக்கும்போது அக்குளையும் காலிடுக்கையும் பாருங்கள், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இடுப்பு எலாஸ்டிக். காதுக்குப் பக்கத்தில் வைத்து இழுங்கள், நறநறவென்று சத்தம் வந்து திரும்பச் சுருங்க யோசித்தால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது, துணி எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் பழைய துணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 5 வெள்ளிதானே என்று மூன்று எடுக்கத் தோன்றும். அதன் மறுபக்கம் இன்னும் மோசம்: ஒரு பை நிறைய தானம் கொடுத்தாயிற்று, மனசு லேசாகிவிட்டது, அலமாரியில் இடமும் இருக்கிறது, அடுத்து என்ன? இங்கே துணியும் தோலும் சேர்ந்த கழிவில் மறுசுழற்சிக்குப் போவது அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மிச்சம் எரிக்கப்பட்டு, சாம்பல் புலாவ் செமாக்காவுக்குப் படகில் போகிறது. 1999இல் திறந்த அந்தத் தீவுக் குப்பைமேடு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. தானப் பெட்டி தேவைதான். ஆனால் அது கடைக்குப் போகக் கிடைத்த அனுமதிச் சீட்டு இல்லை.

என் ஓட்டு லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தை மாடித் தையல்காரருக்கு. கீழே மீன் கடை, சாப்பாட்டுக் கடை, மேலே போனால் வரிசையாகத் துணிக்கடை, நடுநடுவே தையல் இயந்திரச் சத்தம். கூலி மலிவில்லை, இரண்டு தடவை நடக்க வேண்டும், சொன்ன தேதிக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் மற்ற மூன்றும் செய்யாத ஒன்றை அவர் செய்கிறார், ஏற்கனவே வீட்டில் இருக்கும் துணியை மறுபடி உடுத்த வைக்கிறார். காலர் மடிப்பில் தேய்ந்துபோன வேலைச் சட்டையின் காலரைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்தால் தேய்ந்த பக்கம் உள்ளே போய்விடும், சட்டைக்கு இன்னொரு ஆயுள். தொளதொளவென்ற பஞ்சாபி சூட்டைப் பக்கவாட்டில் பிடித்துவிடலாம். பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது ‘உள்ளே நல்லா துணி விட்டுத் தைங்க அண்ணே’ என்று மட்டும் சொல்லிவிடுங்கள், எடை ஏறினாலும் ஒரு வரித் தையலைப் பிரித்தால் போதும். கடையில் வாங்கிய உடுப்பில் பெரும்பாலும் இதற்கு வழியே இல்லை, ஓரத்தை வெட்டி ஓவர்லாக் அடித்து முடித்திருப்பார்கள். பழைய பட்டுப் புடவையில் பாவாடை தைக்கிற ஆசை இருந்தால் முதலில் மடிப்பு விழுந்த இடத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், அங்கே விரிசல் விட்டிருந்தால் கூலி வீண்.

விசேஷத் துணி தனிக் கதை. லெஹங்கா, மாப்பிள்ளை ஷெர்வானி எல்லாம் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம், ஒரு தடவைக்கு மேல் யாரும் போடுவதில்லை. புடவைக்கு வாடகை தேவையே இல்லை, அக்காவுக்கும் அண்ணிக்கும் எனக்கும் ஒரே புடவை சரியாக வரும், பிளவுஸ்தான் மாறும். ‘போன கல்யாணத்துல இதத்தானே கட்டியிருந்த?’ என்று கேட்கிற ஒரு சித்தி எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். ஆமாம் சித்தி என்றால் தீர்ந்தது. கட்டாமல் பூட்டி வைத்தால் ஜரிகை கறுப்பதுதான் மிச்சம். பாச்சை உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை அல்ல.

தீபாவளிக்குப் புதுத் துணியே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, அப்படிச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆளுக்கு ஒன்று, தீபாவளி முடிந்து அலுவலகத்துக்கும் போடக்கூடியதாக ஒன்று. தைக்கக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தைக் கொட்டகை போட்ட பிறகு போனால் அளவெடுக்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது.