மரத்துக்கு மேல் தோல்: பசையும் துணியுமா, ஃபைபரா?

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 2024 கோடையில் இரண்டு வேலைகளைச் செய்து முடித்தேன். முதலாவது, குட்டி யானை வண்டியின் தொட்டியில் தூக்கி வைத்து இறக்கக்கூடிய ஒரு பிளைவுட் கூண்டு. 7 அடி நீளம், 4½ அடி அகலம், 4½ அடி உயரம். வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். குற்றாலச் சாரலுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வருவதற்காகச் செய்தது. இரண்டாவது, 10 அடி நீளத்தில் தட்டையான அடி கொண்ட ஒரு சிறு படகு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்களில் தெருவெல்லாம் ஆறு. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றி வந்துதான் ஆட்களை மீட்டார்கள். அன்றைக்கே, எங்கள் தெருவுக்கு என்று ஒரு படகு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டுமே பிளைவுட். மேலே என்ன தோல் போர்த்துவது என்பதில்தான் பெரிய குழப்பம். ஆசாரி அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்: "துணிய ஒட்டுனா மழைக்கு நிக்குமா தம்பி? ஃபைபர் அடிச்சு விட்டுருவோம். ஒரே வேலையாப் போயிரும்." ஃபைபர் என்றால், கண்ணாடி நார் விரித்து, ரெசின் என்ற கெட்டியாகும் பிசினைத் தடவிப் போர்த்துவது. நான் கூண்டுக்குப் பசையும் துணியும் போட்டேன். படகின் அடிக்கு மட்டும் வேறு வழி. இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்ட நிலையில், ஏன் அப்படிப் பிரித்தேன் என்பதை எழுதுகிறேன். என் சாய்வு துணிப் பக்கம்தான்.

நல்ல மெரைன் பிளை வாங்கினால் தோலே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பிளையை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனை உள்ளே இருக்கும் பசைக்கு. மேல் ஏடு என்னவோ மரம்தான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் ஊர் வெயிலில் நாலு மாதம் கிடந்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். வெறும் பெயிண்ட் அடித்தால் அந்த வெடிப்போடு பெயிண்டும் வெடிக்கும், வழியெல்லாம் தண்ணீர் இறங்கும். நடுவில் ஒரு நூல் விரிப்பு இருந்தால் வெடிப்பு அடியிலேயே நின்றுவிடும். எங்கள் ஆச்சி சொளகுக்கு வெந்தயமும் காகிதக் கூழும் அரைத்துப் பூசுவாள். மாவு பிடித்துக்கொள்ளும், நார் வெடிக்க விடாது. கண்ணாடி நாரும் ரெசினும் செய்வது அதையேதான், காடாத் துணியும் வெள்ளை மரப்பசையும் செய்வதும் அதையேதான்.

துணி போர்த்துவது நேற்று வந்த யோசனையும் அல்ல. மரப்பெட்டி ரயில்களின் கூரை, கித்தான் விரித்து வெள்ளை ஈயப் பூச்சு அடித்ததுதான். இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் விமானத்தின் உடம்பு பிளைவுட். அதன் மேல் போர்த்தி மெழுகிய மெல்லிய பருத்தித் துணிக்கு மடப்பொல்லம் என்று பெயர். ஆந்திராவில் நரசாபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள நெசவூரின் பெயர் அது. அமெரிக்காவில் சொந்தமாகக் குட்டி கேம்பர் (படுத்துத் தங்கும் வண்டி) செய்கிறவர்கள் இன்று இதை 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்கிறார்கள். நீரைத் தாங்கும் மரப்பசை, கித்தான், வீட்டுக்கு வெளியே அடிக்கும் பெயிண்ட், அவ்வளவுதான்.

அந்த 'ஏழை' என்ற சொல் நம் ஊருக்கு முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே எபாக்ஸி என்ற விலை கூடிய ரெசினோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். இங்கே ஃபைபர் என்றால் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின்தான், அது அப்படி ஒன்றும் விலை அதிகமில்லை. நல்ல வாட்டர்ப்ரூஃப் பசை ஒரு கிலோவுக்கு ரெசினைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். அளவு குறைவாகப் பிடிப்பதால்தான் மிச்சம். என் கூண்டின் வெளிப்பரப்பு சுமார் 135 சதுர அடி. 4 கிலோ பசை, 48 அங்குல அகலக் காடா 14 மீட்டர், 5 லிட்டர் எக்ஸ்டீரியர் எமல்ஷன் பிடித்தது. காய்ந்தபின் எட்டு, ஒன்பது கிலோதான் கூடியிருக்கும். அதே பரப்புக்கு, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் விரிப்பான மேட் ஒரு அடுக்கு போட்டாலே மேட்டும் ரெசினுமாகப் பதினெட்டு கிலோ தாண்டும். ஏற்றி இறக்கும் கூண்டுக்கு அந்த எடை முக்கியம். ஆனாலும் காசுக்காகவோ எடைக்காகவோ மட்டும் நான் துணிக்குப் போகவில்லை.

ஃபைபரின் பலத்தை யாரும் மறுக்க முடியாது. கல்லில் உரசினாலும் கிழியாது, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் இளகாது. "உவரியில் அத்தனை வள்ளமும் ஃபைபர்தானே" என்று கேட்பார்கள். சரிதான், ஆனால் அது அச்சில் வார்த்தது. வெளிச்சுவர் முழுவதும் ஃபைபரே. மரத்தின் மேல் போர்த்திய ஃபைபர் வேறு சங்கதி. பாலியஸ்டர் ரெசின் மரத்தில் அழுத்தமாகப் பிடிப்பதில்லை. மரம் ஈரத்துக்கு அசையும், இறுகிய ரெசின் அசையாது. சில வருஷத்தில் ஓரத்தில் வாய் பிளக்கும். அப்புறம் வேலை செய்யும்போது வரும் தொல்லை. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நெடியில் தலை சுற்றும். வெயில் நாளில், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் கொஞ்சம் கூடினால் பத்து நிமிடத்தில் டப்பாவிலேயே கட்டியாகும். ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். இதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். வீட்டில் செய்கிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

என்னைத் துணிப் பக்கம் தள்ளியது சித்தப்பாவின் டீ வண்டி. தள்ளுவண்டிக்குப் பிளைவுட் பெட்டி அடித்து, ஒரு பட்டறையில் கொடுத்து ஃபைபர் போர்த்தி வாங்கினார். கண்ணாடி மாதிரி மின்னியது. சில மாதம் கழித்துப் பாத்திரம் தொங்கவிட நாலு கொக்கி வேண்டுமென்று துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் கொக்கி கையோடு வந்துவிட்டது. துளை வழியாக விரலை விட்டால், நனைந்த ரஸ்க் மாதிரி பிளைவுட் பொடிந்து வருகிறது. வெளியே தோல் அப்படியே மின்னிக்கொண்டு இருந்தது. சொட்டுச் சொட்டாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. உள்ளே அழுகுவதற்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

எந்தத் தோல் போட்டாலும் ஒரு நாள் தண்ணீர் உள்ளே போகும். ஒரு ஸ்க்ரூ, ஒரு கீறல், ஜன்னல் ஓரம் என்று எங்காவது ஒரு வழி இருக்கும். ஆகவே போனால் தெரியுமா, காயுமா, நானே சரி செய்ய முடியுமா என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

என் கூண்டிலும் தண்ணீர் போனது. போன ஆடியில் குற்றாலத்தில் இரண்டு நாள் விடாத சாரல். சாரல் பெருமழையைவிடப் பொல்லாதது. மழை வழிந்து ஓடிவிடும், சாரல் பொறுமையாக இடுக்கு பார்த்து இறங்கும். ஊர் திரும்பிய மறுநாள் இடது பக்கம் விளக்கு பொருத்திய இடத்துக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குத் துணி உப்பி நின்றது. அடுத்த நாள் அது உள்ளங்கை அளவாயிற்று. பசை ஈரம் குடித்தால் இளகும், துணி எழும்பும், ஆகவே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி நாலு இதழாக மடக்கிவிட்டேன். உள்ளே மரம் நனைந்திருந்தது, ஆனால் கெட்டியாக இருந்தது. இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். விளக்கின் ஸ்க்ரூவைக் கழற்றித் துளையில் பசை நிரப்பினேன். இதழ்களை ஒட்டி, சுற்றிலும் இரண்டு அங்குலம் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, பழைய வேட்டித் துண்டு ஒன்றை மேலே வைத்துப் பசை தடவினேன். காய்ந்ததும் பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். இந்த வெள்ளைப் பசை சூட்டில் மறுபடி இளகிப் பிடிக்கும் குணம் உள்ளது, ஆகவே ஓரமெல்லாம் படிந்துவிட்டது. மேலே மூன்று கோட் பெயிண்ட். மொத்தத்தில் கை வேலை ஒரு மத்தியானம். இப்போது எந்த இடம் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஃபைபரில் இதே பழுதுக்குக் கிரைண்டர் வேண்டும், முகமூடி வேண்டும், கண்ணாடித் தூசி உடம்பெல்லாம் அரிக்கும். அதற்கும் முன்னால், பழுது இருப்பதே தெரிந்திருக்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்று. எனாமல் அடிக்க வேண்டாம். அக்ரிலிக் எமல்ஷன் தண்ணீரை நிறுத்தும், ஆனால் ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். துணியோடு சேர்ந்து நெகிழும். முதல் கோட்டைத் தண்ணீர் கலந்து நீர்க்க அடித்தால் நூலுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

துணி வழிக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று வெயில். சூட்டில் இளகும் குணம் பழுது பார்க்க உதவுகிற அதே அளவுக்குக் கூரையில் தொந்தரவும் தரும். பாளையங்கோட்டைப் பக்கம் சித்திரையில் 40 டிகிரி தொடுகிற நாட்கள் உண்டு. வேலை தொடங்கும் முன் ஒரு அடிக்கு ஒரு அடி பிளைவுட் துண்டுகளில் துணி ஒட்டி மொட்டை மாடியில் மூன்று வாரம் போட்டு வைத்தேன். கரும்பச்சை அடித்த துண்டை மத்தியானம் இரண்டு மணிக்குத் தொட முடியவில்லை, ஓரத்துணியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் நகர்ந்தது. வெள்ளை அடித்தது அசையவில்லை. அதனால் கூண்டு முழுக்க வெள்ளை. கறுப்பு, சிவப்பு, கரும்பச்சை ஆசை இருப்பவர்கள் துணி வழியை விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, மூழ்கிக் கிடப்பது. பெயிண்ட் இல்லாத துண்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். இரண்டாம் நாளே பசை பால் மாதிரி வெளுத்து, துணி வாழைத்தோல் போல உரிந்தது. பெயிண்ட் அடித்தது ஒரு வாரம் தாக்குப் பிடித்து ஓரத்தில் விட்டது. அமெரிக்கர்கள் பயன்படுத்தும் டைட்பாண்ட் 3 பசையின் தயாரிப்பாளரே, தொடர்ந்து நீரில் மூழ்கும் இடத்துக்கும் நீர்மட்டத்துக்குக் கீழும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறார். அதனால் படகின் அடியிலும் மூட்டுகளிலும் கண்ணாடித் துணியும் எபாக்ஸியும் போட்டேன். உள்பக்கம், மேல்விளிம்பு, பக்கப் பலகையின் மேல்பாதி மட்டும் காடாத் துணி. எபாக்ஸி மரத்தோடு ஒட்டுவதில் பாலியஸ்டரைவிடப் பல மடங்கு மேல். விலை உறைக்கும், கலக்கும் அளவு பிசகக் கூடாது, கையில் பட்டால் சிலருக்குத் தடிப்பு வரும், வெயில் பட்டால் மேல்பரப்பு பொடியாகும் என்பதால் அதற்கும் பெயிண்ட் வேண்டும். எபாக்ஸியில் என் அனுபவம் இந்த ஒரு படகின் அடிதான். படகும் வருஷத்தில் பாதி நாள் கொட்டகையில் கவிழ்ந்தே கிடக்கிறது. பத்து வருஷக் கதை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பாலியஸ்டருக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த மிரர் டிங்கி என்ற சிறு பாய்மரப் படகு, செம்புக் கம்பியால் பிளைவுட்டைத் தைத்து, மூட்டில் கண்ணாடி நாடாவும் பாலியஸ்டர் ரெசினும் போட்டுச் செய்தது. 70,000க்கும் மேல் கட்டப்பட்டன, அந்தக் காலத்துப் படகுகள் சில இன்னும் ஓடுகின்றன. மூட்டுக்கு நாடா, மேலே பெயிண்ட், நல்ல பராமரிப்பு என்றால் அதுவும் நிற்கும். முழு மரத்தையும் மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பதில்தான் ஆபத்து.

துணி போடப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். திருநெல்வேலி டவுன் ரத வீதியில் வாங்கிய காடாவில் கஞ்சி ஏறியிருந்தது, வெந்நீரில் இரண்டு முறை அலசினால்தான் பசை இறங்கும். தடித்த கித்தான் பலம்தான், ஆனால் பசையையும் பெயிண்டையும் குடித்துத் தீர்க்கும். கூரைக்குக் காடாவே போதும். மூலைகளை உருட்டித் தேய்த்துவிட வேண்டும், கூர்மையான மூலையில் துணி படியாது. கீழிருந்து மேலாக ஒட்டி, மேல் துணி கீழ்த் துணியின் மேல் இரண்டு அங்குலம் ஏறும்படி விட வேண்டும், ஓடு வேய்வது போல. வேலையைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பசை விரிப்பதற்குள் தோல் கட்டிவிடும், சுருக்கம் விழுந்தால் போகாது. கண்ணாடி நார் வலை வைத்து மொட்டை மாடிக்கு அடிக்கும் அக்ரிலிக் பூச்சும் இதே தத்துவம்தான். கூரைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் பரப்பு மெத்தென்று இருப்பதால் தூசி அப்பிக்கொள்ளும்.

கடலுக்குப் போகிற படகு, தண்ணீரிலேயே கட்டி வைக்கிற படகு என்றால் துணி வேண்டவே வேண்டாம். வெயிலில் நிரந்தரமாக நிற்கிற வண்டிக்கும் நான் துணிந்து சொல்ல மாட்டேன். என் கூண்டு வேலை இல்லாத நாளில் வேப்பமரத்தடிக் கொட்டகைக்குள் நிற்கிறது, அது ஒரு பெரிய பாதுகாப்பு. ஆசாரி அண்ணாச்சி போன மாதம் வந்தபோது அந்த ஒட்டுப் போட்ட இடத்தைத் தட்டிப் பார்த்தார், விளக்குக்குக் கீழே காது வைத்துத் தட்டினார். "கெட்டியாத்தான் இருக்கு" என்றவர், தன் மகனின் காய்கறி வண்டிக் கூரைக்கு எத்தனை மீட்டர் காடா வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். சாரலுக்கு முன்னால், வைகாசியில், என் கூரைக்கு இன்னொரு கோட் வெள்ளை அடிக்க வேண்டும்.